ஒழுகுற கார்புரேட்டர்கிட்ட முதல்ல கேளுங்க, அப்புறம் கழட்டுங்க

மக்களே, ஒரு கேள்வி. கார்புரேட்டர்ல இருந்து பெட்ரோல் ஒழுகுது. முதல்ல என்ன செய்வீங்க?

நம்ம டிபார்ட்மென்ட்ல யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் வர்ற பதில் ஒண்ணுதான்: "கிட் வாங்கி மாத்திடலாம் மச்சி." கேஸ்கெட், நீடில் வால்வு, ஓ-ரிங் எல்லாம் ஒரே பாக்கெட்ல வருது. பிரிச்சு, கழுவி, அத்தனையும் மாத்தி, திரும்ப மாட்ட வேண்டியதுதான். ஒழுகல் நின்னா சந்தோஷம். நிக்கலைன்னா? "கார்புரேட்டரே போச்சு, புதுசு வாங்கணும்." அவ்வளவுதான் நம்ம ஆராய்ச்சி.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். இன்ஜினியரிங் படிக்கிறவங்க சொல்லக் கூடாத பதில் இது. எங்க ஒழுகுது, எப்ப ஒழுகுது, அந்த நேரத்துல பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு — இந்த மூணையும் கவனிச்சா, பாதி காரணங்களை ஸ்பேனரைத் தொடாமலே தள்ளிடலாம். கவனிக்காம கிட் மாத்துறது, காய்ச்சல் எதனாலன்னு பார்க்காம மெடிக்கல்ல எல்லா கலர் மாத்திரையும் வாங்கி முழுங்குற மாதிரி. சில சமயம் குணமாகும். ஏன் குணமாச்சுன்னு மட்டும் கடைசிவரை தெரியாது.

இந்தப் பழக்கத்துக்கு நம்மளை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. லேப்ல நமக்குக் காட்டுறது வெட்டி, பெயின்ட் அடிச்சு, பலகையில் பொருத்தின கார்புரேட்டர். அது ஒழுகாது. அதுல பெட்ரோலே கிடையாது. அதைப் பார்த்துப் படம் வரையலாம், பாகம் குறிக்கலாம், மார்க் வாங்கலாம். கோளாறு கண்டுபிடிக்கக் கத்துக்க முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

பந்தயக் கார் எதுக்கு?

கார்புரேட்டர் உச்சத்துல இருந்த காலத்து வேகக் கார்களையே உதாரணமா எடுத்துக்குவோம். அதுலதான் ஒழுகலோட எல்லா முகமும் தெரியும்.

இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் எட்வார்டோ வெபர் 1923-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். வெபர் கார்புரேட்டர் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்துப் பந்தயக் கார்கள்ல இந்தப் பேர் இல்லாத வண்டியைத் தேடணும். 1962-ல் வந்த ஃபெராரி 250 ஜிடிஓ-வின் 3 லிட்டர் வி12 இன்ஜின் மேல ஆறு ரெட்டைக் குழல் வெபர். 1975-ல் வந்த ஃபெராரி 308 ஜிடிபி-யில் நாலு. அதே 1962-ல் வந்த லோட்டஸ் எலான்ல, 1558 சிசி ட்வின் கேம் இன்ஜினோட பக்கவாட்டில் ரெண்டு வெபர் 40 டிசிஓஇ. இந்த 40 என்பது த்ராட்டில் துளையோட விட்டம், மில்லிமீட்டர்ல.

ஆறு கார்புரேட்டர்னா ஆறு ஃப்ளோட் சேம்பர், ஆறு நீடில் வால்வு, ஆறு மூடி கேஸ்கெட், ஒவ்வொரு பெட்ரோல் இணைப்புக்கும் ரெண்டு வாஷர். பவர் கூடக் கூட ஒழுகக்கூடிய இடங்களும் கூடுது. காரோட்டி ரசிக்கிற ஒவ்வொரு கார்புரேட்டரும் மெக்கானிக்குக் கூடுதலா ஒரு சந்தேகம்.

எலானைப் பத்தி இன்னொரு விஷயம். அதோட டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே. தீப்பொறியோட பொழப்பு நடத்துற ஒரு பாகத்து மேல பெட்ரோல் சொட்டுது. காரோட உடம்பு ஃபைபர்கிளாஸ். இதைப் படிக்கும்போதே வயித்தைக் கலக்குதுல்ல? கலக்கணும். பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயின்ட் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அதாவது நம்ம ஊர் வெயில்ல மட்டுமில்ல, எந்த ஊர்க் குளிர்லயும் அது பத்திக்கத் தயாராத்தான் இருக்கும். அதோட ஆவி காத்தை விடக் கனம். தரையோட தவழ்ந்து போய், நாலடி தள்ளி இருக்கிற ஸ்விட்ச்கிட்டப் போய் நிக்கும். "கொஞ்சமாத்தானே ஒழுகுது, ஓட்டிப் போய்ப் பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சுக்கே இங்க இடமில்ல. ஒழுகுற வண்டியை ஓட்டக் கூடாது, ஸ்டார்ட்டும் பண்ணக் கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ஐந்து கிராம் கணக்கு

ஒழுகலைப் புரிஞ்சுக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான்.

ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் மிதந்து மேல வரும். அது நீடிலைத் தள்ளி சீட்டை அடைக்கும். பம்ப் எதிர்ப்பக்கத்துல இருந்து தள்ளிக்கிட்டே இருக்கும். ரெண்டு பேருக்கும் நடக்கிற கயிறு இழுக்கிற போட்டிதான் பெட்ரோல் மட்டம்.

40 டிசிஓஇ-யில் பரவலாப் போடுற நீடில் வால்வு அளவு 1.75. அதாவது துளையோட விட்டம் 1.75 மி.மீ. பரப்பளவு சுமார் 2.4 சதுர மி.மீ. வெபருக்கு ஏத்த அழுத்தம் 3 பிஎஸ்ஐ பக்கம், அதாவது ஏறக்குறைய 20.7 கிலோபாஸ்கல். பெருக்கிப் பாருங்க: நீடிலைத் திறக்கப் பார்க்கிற விசை 0.05 நியூட்டன். அஞ்சு கிராம் எடை! ஒரு அஞ்சு ரூபா காசு அளவுக்குக்கூட வராது.

இப்ப யாரோ ஒருத்தர் "பெர்ஃபார்மன்ஸ் கூடும்"னு சொல்லி 7 பிஎஸ்ஐ தர்ற எலக்ட்ரிக் பம்ப் போட்டுட்டாங்கன்னு வைங்க. அதே துளையில விசை சுமார் 12 கிராம் எடை ஆயிடும். அதோட நிக்காம "பெட்ரோல் பத்தாது"ன்னு 2.00 நீடில் வால்வும் போட்டா, பரப்பளவு 3.14 சதுர மி.மீ., விசை பதினஞ்சு கிராமைத் தாண்டிடும். மூணு மடங்கு. ஃப்ளோட் பாவம், அது அதே பழைய ஃப்ளோட்தான். கூடுதல் விசையைச் சமாளிக்க அது இன்னும் ஆழமா முங்கணும். அதுக்குப் பெட்ரோல் மட்டம் ஏறணும். கார்புரேட்டர்ல மெயின் நாசிலுக்குக் கீழ அந்த மட்டத்துக்கு விட்டிருக்கிற இடமே சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினா வழியும்.

கவனிச்சீங்களா? இந்தக் கதையில எந்தப் பாகமும் கெட்டுப் போகல. நீடில் நல்லா இருக்கு, சீட் நல்லா இருக்கு, ஃப்ளோட் நல்லா இருக்கு, கேஸ்கெட் நல்லா இருக்கு. ஆனா ஒழுகுது. நீங்க நாலு கிட் மாத்தினாலும் ஒழுகும். ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நான் சொல்ல வர்றதோட சாரமே இந்த ஒரு உதாரணத்துல இருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்க மஸில் கார்கள்ல வர்ற ஹோலி கார்புரேட்டருக்கு 6, 7 பிஎஸ்ஐ சாதாரணம். அதனால "பம்ப் கெட்ட பம்ப்"னும் சொல்ல முடியாது. ஹோலிக்குச் சரியான பம்ப் வெபருக்குத் தப்பு. பாகம் நல்லதா கெட்டதாங்கிறதை அது மாட்டியிருக்கிற இடத்தை வெச்சுத்தான் சொல்ல முடியும்.

எங்கே?

முதல் கேள்வி இது. பெட்ரோல் கீழ்நோக்கி வழியும். அதனால சொட்டுற இடம் கோளாறு இருக்கிற இடமா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஈரத்தோட உச்சி எங்கேன்னு பார்க்கணும். இன்ஜின் முழுசா ஆறின பிறகு, வெளியை நல்லாத் துடைச்சுக் காய விட்டு, பம்ப்பை மட்டும் ஓட விட்டுப் பாருங்க. முதல்ல ஈரமாகிற இடம் எது? மேல பெட்ரோல் நுழையுற பேன்ஜோ இணைப்பா? மூடி கேஸ்கெட்டா? டிசிஓஇ-யோட அடித்தட்டு கேஸ்கெட்டா? இல்ல, காத்து உள்ள போற வாயில இருந்தே சொட்டுதா?

இந்தக் கடைசி ஒண்ணு ரொம்ப முக்கியம். வெளி உடம்பு காய்ஞ்சிருக்கு, ஏர் ஃபில்டர் பெட்டி நனைஞ்சிருக்குன்னா, வெளி கேஸ்கெட்டுகளை மறந்துடலாம். பெட்ரோல் மட்டம் ஏறி மெயின் நாசில் வழியா உள்ளேயே வழியுது. அப்ப விசாரிக்க வேண்டியது மூணே பேர்: அழுத்தம், நீடில், ஃப்ளோட்.

உள்ள வழிஞ்சா இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்த சிலிண்டர்ல இன்டேக் வால்வு திறந்து நிக்குதோ அதுக்குள்ள பெட்ரோல் இறங்கும். சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு, பிஸ்டன் ரிங் வழியா ஆயில் சம்ப்புக்குப் போகும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா, ஆயிலை மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டர்ல நிறையத் தேங்கியிருந்தா பிஸ்டன் மேல வரும்போது திரவத்தை அமுக்க முடியாம கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். கிட்டோட விலை நூத்துல. வளைஞ்ச ராடோட விலையை நீங்களே விசாரிச்சுக்குங்க.

எப்போ?

என்னைக் கேட்டா மூணுல இதுதான் ராஜா கேள்வி.

இக்னிஷன் போட்டதும், இன்ஜின் ஓடாமலே ஒழுகுதா? எலக்ட்ரிக் பம்ப் இருக்கிற வண்டியில இது நேரடி சாட்சி. அழுத்தம் அதிகம், இல்ல நீடில் உட்காரல, இல்ல ஃப்ளோட் ஓட்டை, இல்ல வெளி இணைப்பு தளர்வு.

இன்ஜின் ஓடும்போது மட்டும் ஒழுகுதா? அதிர்வைச் சந்தேகப்படுங்க. நாலு சிலிண்டர் இன்ஜின் நல்லாவே நடுங்கும். அந்த நடுக்கம் நேரா கார்புரேட்டருக்குப் போனா ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் நுரைக்கும், நீடில் சீட்டுல துள்ளும். இதுக்காகத்தான் டிசிஓஇ-யை இறுக்கி முடுக்காம, ஓ-ரிங்கும் சுருள் வாஷரும் வெச்சு, கையால லேசா ஆட்டினா ஆடுற மாதிரி மாட்டுறாங்க. இது தெரியாத ஒருத்தர் "லூஸா இருக்கே"ன்னு முழு பலத்தோட முடுக்கிட்டா, அன்னைக்கே ஒழுகல் ஆரம்பம். நல்லெண்ணத்துல செய்ற தப்பு இது.

சூடா நிறுத்தின பத்து நிமிஷத்துல மட்டும் ஒழுகுதா? அப்ப கார்புரேட்டரே குற்றவாளி இல்லாம இருக்கலாம். இன்ஜின் நின்னதும் குளிர்விக்கிற காத்தும் தண்ணியும் நின்னுடும். உலோகத்துல தேங்கின சூடு மேல ஏறும். ஃப்ளோட் சேம்பர்ல இருக்கிற பெட்ரோல் கொதிச்சு மெயின் நாசில் வழியா வெளிய வரும். லைன்ல அடைபட்டிருக்கிற பெட்ரோல் விரிஞ்சு நீடிலைத் தள்ளித் திறக்கும். ஃபெராரி 308-ல கார்புரேட்டர்கள் உட்கார்ந்திருக்கிறதே ரெண்டு சிலிண்டர் ஹெட்டுக்கு நடுவுல, காரோட்டிக்குப் பின்னாடி மூடின அறையில. சூடு எங்க போகும்? இதுக்கு மருந்து கிட் இல்ல. வெப்பத் தடுப்புத் தகடு, கார்புரேட்டருக்கு அடியில சூடு கடத்தாத ஸ்பேசர், டேங்குக்குத் திரும்பிப் போற ரிட்டர்ன் லைன். நீடிலைப் பத்து தடவை மாத்தினாலும் இந்த ஒழுகல் நிக்காது.

ராத்திரி நிறுத்தி வெச்சு, காலைல பார்த்தா ஈரமா? பம்ப் ஓடல, இன்ஜின் ஓடல, சூடும் இல்ல. மிச்சம் இருக்கிறது புவியீர்ப்புதான். டேங்க் மட்டம் கார்புரேட்டரை விட உயரமா இருந்தா, சரியா உட்காராத நீடில் வழியா டேங்கே மெதுவா இறங்கும். டேங்க் தாழ்வா இருந்தா ஃப்ளோட் சேம்பர்ல இருக்கிற கொஞ்சம் பெட்ரோல் மட்டும் அடி கேஸ்கெட் வழியாக் கசிஞ்சு நின்னுடும். எவ்வளவு ஈரம்ங்கிறதே இங்க பதில் சொல்லிடுது.

பிரேக் போடும்போதும் வளைவுலயும் மட்டும்? ஃப்ளோட் மட்டம் கொஞ்சம் உயரமா வெச்சிருக்காங்க. நேரா ஓடும்போது தப்பிச்சுக்குது, பெட்ரோல் அலை அடிக்கும்போது மாட்டிக்குது.

பாருங்க, ஒரே ஈரம்தான். ஆனா "எப்போ"ங்கிற ஒரு கேள்வி அதை அஞ்சு வேற வேற நோயாப் பிரிச்சுக் கொடுத்துடுச்சு. கேள்விக்குச் செலவு சுத்தமா இல்ல.

கழட்டணும்னா கழட்டுங்க, ஆனா தெரிஞ்சு

விசாரணை முடிஞ்சு கழட்டியே ஆகணும்னு வந்தா, அப்பவும் வரிசை இருக்கு.

முதல்ல ஃப்ளோட். அதைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள சளக்னு சத்தம் கேட்டா ஓட்டை. டிசிஓஇ-யோட பித்தளை ஃப்ளோட் எடை 26 கிராம். பெட்ரோல் அடர்த்தி சுமார் 0.74. அப்ப மிதக்கறதுக்கே அது 35 மில்லி பெட்ரோலை விலக்கணும். உள்ள மூணு மில்லி புகுந்தா ரெண்டு கிராமுக்கு மேல எடை ஏறிடும். அஞ்சு கிராம் போட்டியில ரெண்டு கிராம் சின்ன விஷயமா? ஓட்டையை சால்டர் வெச்சு அடைக்கிறவங்களும் இதை ஞாபகம் வெச்சுக்கணும். ஈயத்தை அள்ளி அப்பினா ஓட்டை போகும், எடை வந்துடும். அடைச்ச பிறகு தராசுல வைங்க. உள்ள பெட்ரோல் ஆவி இருக்கும்போது சால்டரிங் அயர்ன் பக்கத்துல கொண்டுபோற வீரத்தை மட்டும் யாரும் காட்ட வேண்டாம்.

அடுத்து நீடில். அதோட கூம்பு முனையை லென்ஸ்ல பாருங்க. சுத்தி ஒரு வளையத் தடம் தேய்ஞ்சிருந்தா மாத்துங்க. தடமே இல்லாம, நடுவுல ஒரு தூசி மட்டும் இருந்தா, குற்றவாளி டேங்க்ல இருந்து வந்த துரு. நீடிலை மாத்தி ஃபில்டரை விட்டுட்டா, அடுத்த வாரம் அதே கதைதான்.

அப்புறம் ஃப்ளோட் மட்டம். மூடியைக் கேஸ்கெட்டோட செங்குத்தாப் பிடிச்சு, ஃப்ளோட்டோட நாக்கு நீடிலோட பந்தை அமுக்காம லேசாத் தொடுற நிலையில அளக்கணும். பழைய பித்தளை ஃப்ளோட் மாடல்கள் பலதுக்கு 7.5 இல்ல 8.5 மி.மீ. என்று வரும். உங்க கார்புரேட்டரோட மாடல் எண்ணுக்கு என்னன்னு புத்தகத்தைப் பார்த்து வைங்க. "யாரோ சொன்னாங்க"ன்னு வைக்காதீங்க. ஒரு மில்லிமீட்டர் இங்க பெரிய மனுஷன்.

கேஸ்கெட் ஒழுகினா சிலிகான் சீலன்ட் அப்புறதும் நம்ம ஊர்ல பிரபலம். பெட்ரோல்ல சாதாரண சிலிகான் ஊதிக் குழைஞ்சு பிய்ஞ்சு வரும். பிய்ஞ்ச துண்டு போய் உட்காருற இடம் ஜெட். ஒழுகலை நிறுத்தப் போய் அடைப்பை வாங்கிட்டு வர்ற வேலை. மூடி வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல வெச்சுப் பாருங்க. வளைவுக்குக் காரணமே பெரும்பாலும் ஒழுகுதேன்னு முடுக்கி முடுக்கி வெச்ச கைதான்.

நம்ம பங்க்ல இருந்து வர்ற சிக்கல்

இது ஃபெராரி, லோட்டஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் சொல்றது இல்ல. நம்ம ஊர்ப் பங்க்ல இப்ப இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டிகளோட ரப்பர் எல்லாம் அதை நினைச்சுச் செஞ்சது இல்ல. எத்தனால் பழைய ரப்பர் ஓஸையும் ஓ-ரிங்கையும் ஊத வைக்கும், பிறகு காய வைச்சு வெடிக்க வைக்கும். டேங்க் அடியில வருஷக்கணக்காப் படிஞ்சிருந்த அழுக்கையும் கிளப்பி விடும். கிளம்பின அழுக்கு வந்து நிக்கிற இடம்? அதே 1.75 மி.மீ. வாசல்.

ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளென்டர், மாருதி 800 வெச்சிருக்கிற வீடு நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு! பழைய ஓஸை எத்தனாலைத் தாங்குற ரகமா மாத்துறதுக்கும், ஒழுகினதும் கண்ணை மூடிக்கிட்டு கிட் மாத்துறதுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது காரணம் தெரிஞ்சு செய்றது.

"கார்புரேட்டரே செத்துப் போச்சே பாஸ்"

இந்த எதிர்ப்பு வரும்னு தெரியும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு புது பைக்குகள்லகூட ஃப்யூல் இன்ஜெக்ஷன்தான். ஃபெராரியே 1980-ல 308-க்கு இன்ஜெக்ஷன் போட்டுட்டாங்க. அடுத்தது இவி. அப்புறம் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழணும்?

நியாயமான கேள்வி. வேலைக்குப் போற இடத்துல யாரும் நம்மகிட்ட வெபரைக் கொடுத்து ட்யூன் பண்ணச் சொல்லப் போறதில்ல. ஆனா கார்புரேட்டரை விட நல்ல வாத்தியார் கோளாறு கண்டுபிடிக்கிற பாடத்துக்குக் கிடைக்க மாட்டார். காரணம் எளிமையானது. அதுல எல்லாமே கண்ணுக்குத் தெரியும். ஃப்ளோட், நெம்புகோல், வால்வு, அழுத்தம், வெப்பம், அதிர்வு: ஆறு தத்துவம் ஒரு கைப்பிடி அலுமினியத்துக்குள்ள. இன்ஜெக்ஷன்ல ஸ்கேனரை மாட்டினா ஒரு கோடு நம்பர் வரும். அந்த நம்பரைப் பார்த்து சென்சாரை மாத்துறதும் கிட் கலாசாரம்தான், கொஞ்சம் விலை கூடுதல், அவ்வளவுதான். இவி-யில கூலன்ட் கசிஞ்சாலும் கேட்க வேண்டியது இதே எங்கே, எப்போ, எவ்வளவு அழுத்தத்துல.

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இதைப் புதுசாச் சொல்ல வேண்டியதே இல்ல. செட்டிபாளையத்துல இருக்கிற ரேஸ் ட்ராக்குக்கு யாரோட பேரு? கரிவர்தன். மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒத்தை சீட் பந்தயக் கார் கட்டினவர். வெளிநாட்டுல இருந்து எல்லாம் வந்தாத்தான் பந்தயம்னு காத்திருக்காம, கைல இருக்கிற இன்ஜினை ஆழமாப் புரிஞ்சுக்கிட்டதால முடிஞ்சது அது. பாகத்தை மாத்துறவங்க பந்தயக் கார் கட்ட முடியாது. ஏன்னு கேட்கிறவங்கதான் கட்டுவாங்க.

என்ன கேட்கிறேன்?

நம்ம லேபுக்கு ஒரு யோசனை. வெட்டின கார்புரேட்டர் ஒரு ஓரமா இருக்கட்டும். அதுக்குப் பக்கத்துல மூணு ஒழுகுற கார்புரேட்டரை வைங்க. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பழைய சாமான் கடைகள்ல தேடினா குறைஞ்ச காசுக்குக் கிடைக்கும். ஒண்ணுல ஃப்ளோட் ஓட்டை. ஒண்ணுல நீடில் தேய்மானம். மூணாவதுல எல்லாமே நல்லா இருக்கணும், பம்ப் அழுத்தம் மட்டும் இரட்டிப்பு. கூட ஒரு ரெகுலேட்டர், ஒரு 0–15 பிஎஸ்ஐ கேஜ், அடியில ஒரு தட்டு. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மண்ணெண்ணெய் போதும். அடர்த்தி கொஞ்சம் கூடுதல்ங்கிறதால மட்டம் எவ்வளவு மாறும்னு கணக்குப் போடுறதையே முதல் கேள்வியா வெச்சுடலாம். காத்தோட்டமான இடம், பக்கத்துல பவுடர் தீயணைப்பான், இது ரெண்டும் இல்லாம ஆரம்பிக்கக் கூடாது.

விதி ஒண்ணே ஒண்ணு. ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி, என்ன கோளாறுன்னு நினைக்கிறீங்க, ஏன் அப்படி நினைக்கிறீங்கன்னு பேப்பர்ல எழுதிக் கொடுக்கணும். மார்க் அதுக்குத்தான். ஒழுகலை நிறுத்தினதுக்கு இல்ல. தப்பா ஊகிச்சாலும் காரணம் சரியா எழுதியிருந்தா மார்க் உண்டு. குருட்டாம்போக்குல சரியாகிடுச்சுன்னா மார்க் கிடையாது. மூணாவது கார்புரேட்டர்ல எத்தனை பேர் கிட் மாத்தியே தீருவோம்னு உட்கார்ந்திருப்பாங்கன்னு பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

இன்னொண்ணு. கேம்பஸுக்கு வெளிய டீக்கடை பக்கத்துல பட்டறை வெச்சிருக்கிற மெக்கானிக் அண்ணன்களை ஒரு நாள் லேபுக்குக் கூப்பிடுங்க. வண்டியை உள்ள விட்டதும் அவங்க முதல்ல கேட்கிறதே "எப்பத்தம்பி ஒழுகுது, சூட்டுலயா, ஆறினப்புறமா?"ங்கிறதுதான். நாம நாலு வருஷத்துல படிக்காம விட்ட பாடம் அந்த ஒத்தை வாக்கியத்துல இருக்கு. அவங்ககிட்ட அனுபவம் இருக்கு, நம்மகிட்ட அந்த அஞ்சு கிராம் கணக்கு இருக்கு. ரெண்டும் ஒரே மேஜையில உட்கார்ந்தா என்ன குறைஞ்சு போகும்?

பாஹா போட்டிக்குக் கார்புரேட்டர் இன்ஜின் வெச்ச பக்கி கட்டுற ஜூனியர்ஸ், இது உங்களுக்கும்தான். மேடு பள்ளத்துல குதிக்கிற வண்டியில ஃப்ளோட் நிம்மதியா உட்காராது. போட்டிக்கு முந்தின ராத்திரி ஒழுக ஆரம்பிச்சா, பதட்டத்துல பாக்கெட்டைப் பிரிக்காதீங்க. பேட்டரியைக் கழட்டுங்க, இன்ஜின் ஆறட்டும், ஈரத்தோட உச்சியைத் தேடுங்க, எப்ப ஒழுகுதுன்னு ஒருத்தர் எழுதி வைங்க. பத்து நிமிஷம் போதும்.

வேற மாதிரி நினைக்கிறவங்க அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க, சண்டை போடலாம். உங்க ஊகத்துக்குக் காரணமும் சேர்த்து எழுதணும். மார்க் அதுக்குத்தான்.